நோட்டீஸில் நான் எடுத்த வரி

நடேசன் சாருடைய குடையிலிருந்து வடிந்த தண்ணீர் கடைத் தரையில் ஓடிவந்து என் செருப்பை நனைத்தது. அந்த நாளை நினைத்தால் முதலில் அந்த ஈரம்தான் நினைவுக்கு வருகிறது.

கோல சிலாங்கூர் பட்டணத்தில், பஸ் நிலையத்துக்குப் பின்வரிசையில் ஒரு சின்ன அச்சுக் கடை இருந்தது. அதில் நான் தட்டச்சுக்காரி. எண்பதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். எந்த வருஷம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. புரட்டாசி பாதி முடிந்திருந்தது, மத்தியானமானால் கடல் பக்கமிருந்து மழை வந்துவிடும், அவ்வளவு தெரியும்.

நடேசன் சார் பட்டணத்து விழாக் குழுவின் செயலாளர். அரசாங்க ஆபீஸில் வேலை. வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. ஒவ்வொரு வருஷமும் இந்தச் சமயத்தில் ஒரு தாளோடு வருவார். கடைசிச் சனிக்கிழமை பஜனை, நவராத்திரிப் பூசை, தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் திடலில் விளையாட்டு விழாவும் கோலப் போட்டியும், அப்புறம் கந்தர் சஷ்டி, திருக்கார்த்திகை. மழை மாதத்து விசேஷம் எல்லாம் அந்த ஒரே தாளில் இருக்கும். அதை ஸ்டென்சில் மெழுகுத்தாளில் அடித்து நானூறு பிரதி ஓட்டிக் கொடுக்க வேண்டும்.

அன்றைக்கும் அடித்துக்கொண்டே வந்தேன். விளையாட்டு விழாவில் ஓட்டம், சாக்கு ஓட்டம், கபடி, பெண்களுக்கான கயிறு இழுத்தல். அதற்கெல்லாம் கீழே ஒரு வரி புதிதாக இருந்தது.

‘தோட்டத்தினர் பார்வையாளர்களாக மட்டும் வரலாம்.’

விரல் நின்றுவிட்டது.

“சார், இந்த வரி…”

“ஏம்மா, எழுத்துப் புரியலையா?”

“புரியுது சார். போன வருஷம் இப்படி இல்லையே.”

“போன வருஷம் கபடியில நடந்தது உனக்குத் தெரியாதா? நாற்காலி பறந்துச்சு. தலைவர் சட்டை கிழிஞ்சுபோச்சு. கமிட்டியில எல்லாரும் ஒரே பேச்சா சொல்லிட்டாங்க. நான் எழுதுறவன்தானே.”

பிறகு என் முகத்தைப் பார்த்தார். அன்பாகத்தான் சொன்னார்.

“உன்னைச் சொல்லலம்மா கமலா. உன்னப் பாத்தா தோட்டத்துப் பொண்ணுன்னே யாரும் சொல்லமாட்டாங்க.”

பாராட்டாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு உறைத்தது.

ஒன்பதாங்கட்டை

சென்ற வாரம் இந்தப் பகுதியில் என் தட்டச்சு வகுப்பைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, “உங்கள் தோட்டத்தின் பெயரைச் சொல்லவே இல்லையே” என்று ஈப்போவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். காகிதத்தில் அதற்கு ஒரு வெள்ளைக்காரப் பெயர் உண்டு. அதை ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி மட்டும்தான் சொல்வார். பட்டணத்திலிருந்து ஒன்பது மைல் என்பதால் எங்களுக்கு அது ஒன்பதாங்கட்டை.

ஒரு காலத்தில் கித்தா என்கிற ரப்பர் மரம். நான் பள்ளிக்கூடம் போகும்போதே அதை வெட்டிச் சாய்த்துவிட்டுச் எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டுவிட்டார்கள். கடலோரத்துத் தாழ்ந்த நிலம். தண்ணீர் வெளியே போகாவிட்டால் மரம் அழுகிவிடும் என்பதால் நிரைக்கு நிரை வாய்க்கால். அந்த வாய்க்கால்களைத் தூர் வாருவது, உரம் தூவுவது, உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்டித் தூக்குவது, இதெல்லாம் பெண்கள் வேலை. என் அம்மா பொன்னம்மா இருபது வருஷத்துக்கு மேல் அதைத்தான் செய்தாள்.

அம்மா உயரமில்லை. தோள் மட்டும் அகலம். தையல்காரர் ரவிக்கைக்கு அளவெடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் இரண்டு முறை அளப்பார்.

ஐப்பசி வந்தால் பட்டணத்துக்குப் போவதுதான் எங்களுக்குப் பெரிய விஷயம். விளையாட்டு விழா ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து லோரியை விடுவார்கள். தலைக்கு எண்ணெய் வைத்து, பவுடர் பூசி, பின்பக்கத்தில் நின்றுகொண்டே போவோம். எங்கள் ஆட்கள் சிலர் கபடியில் இறங்குவார்கள். பெண்கள் யாரும் எதிலும் இறங்கியதில்லை. வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பெயர் கொடுக்க வேண்டுமென்று எங்களுக்கும் தோன்றியதில்லை. திடலைச் சுற்றிக் கட்டியிருக்கும் கயிற்றுக்கு வெளியே நின்று பார்ப்போம்.

பெண்கள் கயிறு இழுக்கும்போது மட்டும் அம்மாவால் சும்மா நிற்க முடியாது.

“பாரு, கைய நீட்டிப் புடிச்சிருக்காளுங்க. கயித்த அக்குள்ல இடுக்கணும்டி. இடுப்பு கீழ போகணும். இப்படி நின்னுக்கிட்டு இழுத்தா யாரு வருவா?” என்று என் காதுக்குள் முணுமுணுப்பாள்.

அம்மாவுக்கு அது எப்படித் தெரியும் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது.

ஒரு மழை மாதத்தில் பழம் ஏற்றிய லோரி செம்பனைக் காட்டுக்குள் சேற்றில் இறங்கிவிட்டது. டிராக்டர் வேறு டிவிஷனில் இருந்தது. மழை கொட்டுகிறது, வாய்க்கால் கரை கரைந்துகொண்டிருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் லோரி வாய்க்காலுக்குள் சாய்ந்துவிடும். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் காளிமுத்து தடித்த வடக்கயிறு ஒன்றை முன்பக்கம் கட்டி, பழம் பொறுக்க வந்திருந்த பெண்களைக் கூப்பிட்டார். எட்டுப் பேர். எல்லாருக்கும் கடைசியில் கயிற்றை முதுகில் சுற்றிக்கொண்டு அம்மா நின்றாள். மண்டோர் இரண்டே வார்த்தைதான் சொன்னாராம். “ஊணு” என்றால் காலை ஊன்றிக்கொள்ள வேண்டும். “இழு” என்றால் இழுக்க வேண்டும். லோரி அரை மணி நேரத்தில் சடக்குப் பாதைக்கு வந்துவிட்டது. டிரைவர் இறங்கி வந்து அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டதாக இன்றைக்கும் சொல்வார்கள்.

அந்த எட்டுப் பேரைத்தான் பார்வையாளர்களாக மட்டும் வரச் சொல்லி என் கையால் அடிக்கச் சொல்கிறார் நடேசன் சார்.

சிவப்புத் திரவம்

வரியை அடித்தேன். மறுக்கவில்லை. அவர் சரி பார்த்தார், தலையாட்டினார், குடையை விரித்துக்கொண்டு போனார்.

ஸ்டென்சிலில் பிழை வந்தால் திருத்த ஒரு சிவப்புத் திரவம் உண்டு. சின்னப் புட்டி, மூடியிலேயே தூரிகை. நகச்சாயம் மாதிரி மணக்கும். எழுத்தின்மேல் தடவினால் அந்த இடம் அடைத்துக்கொண்டு மை இறங்காது. காய்ந்தபிறகு அதன்மேல் சரியான எழுத்தை அடிக்க வேண்டும்.

மூன்று மணி. தவுக்கே லிம் கோப்பி குடிக்க எதிர்க் கடைக்குப் போயிருந்தார். அவர்தான் கடை முதலாளி. நான் புட்டியைத் திறந்தேன். அந்த ஒரு வரிமேல், முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரைக்கும், நிதானமாகத் தடவினேன். காயும்வரை ஊதினேன். அதன்மேல் எதையும் அடிக்கவில்லை.

அன்றைக்கு என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டது இப்படித்தான்: நான் எதையும் சேர்க்கவில்லை, ஒரு வரியை எடுத்தேன், அவ்வளவுதான். இப்போது யோசித்தால் அது சப்பைக்கட்டு. அடுத்தவர் கொடுத்த தாளில் கைவைத்தது தப்புதான்.

நானூறு பிரதியும் ஓட்டி முடித்தோம். கட்டுக் கட்டாகக் கட்டி பஸ் கண்டக்டர்களிடம் கொடுத்தோம். ஜெராம் பக்கம் போகும் பஸ்ஸில் ஒரு கட்டு, பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் இரண்டு. வழியில் இருக்கும் தோட்டத்துக்கெல்லாம் அவர்கள் போட்டுக்கொண்டே போவார்கள். ஒன்பதாங்கட்டைக்கு உரியதை நானே எடுத்துப் போனேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் அதை வைத்திருந்தேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பெரட்டுக் களத்தில், பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுத்தபிறகு, மண்டோர் காளிமுத்து நோட்டீஸைச் சத்தமாகப் படித்தார். படித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

“போன வருஷம் அடிதடிக்கு அப்புறம் நம்மள வரக் கூடாதும்பாங்கன்னு நெனச்சேன். மேலயும் கீழயும் படிச்சிட்டேன். அப்படி ஒண்ணும் இல்லையே.”

அம்மா மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கினாள்.

“மண்டோரே, அந்தக் கயிறு இழுக்கறதுக்கு எட்டுப் பேரு வேணும்ல? எழுதிக்குங்க. மொதப் பேரு பொன்னம்மா.”

நான் லயத்து வீட்டு வாசலில், பட்டணத்துக்குப் போகப் பாவாடை கட்டி நின்றிருந்தேன். அங்கிருந்தே கேட்டது.

தவுக்கேயின் கேள்வி

ஒரு வாரத்துக்குள் பெயர்கள் வந்து குவிந்துவிட்டன. பதினோரு தோட்டம். கோலம் போட இருபதுக்கு மேல் பெண்கள், கயிறு இழுக்க மூன்று மகளிர் அணி, கபடிக்கு ஆறு அணி. நடேசன் சார் அந்தக் காகிதங்களையும் நோட்டீஸ் ஒன்றையும் எடுத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தார். குடையை மடக்கக்கூட இல்லை.

“இங்க ஒரு வரி இருந்துச்சே. எங்க?”

தவுக்கேக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிழை என்று சொல்லியிருக்கலாம். ஸ்டென்சில் சரியில்லை, மை இறங்கவில்லை என்று எதையாவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள்.

“நான்தான் அழிச்சேன் சார்” என்றேன்.

நடேசன் சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கோபத்தைவிட நம்ப முடியாத திகைப்புதான் அவர் முகத்தில் இருந்தது.

“உன்ன நம்பித்தானேம்மா குடுத்தேன்.”

தவுக்கே மலாயில் என்ன சங்கதி என்று கேட்டார். சொன்னேன். அந்த வரி என்ன என்று கேட்டார். அதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கஸ்டமர் பேப்பர்ல நாம கைவைக்கக் கூடாது. இன்னொரு தரம் செஞ்சா நீ வேலைக்கு வர வேணாம். முதல்ல அவர்கிட்ட மன்னிப்புக் கேளு” என்றார் மலாயில்.

கேட்டேன். மனசாரத்தான் கேட்டேன்.

பிறகு தவுக்கே நடேசன் சாரிடம் திரும்பினார். “திரும்ப அடிச்சுத் தர்றேன், என் செலவு. இவதான் டைப் பண்ணணும், எனக்கு வேற ஆள் இல்ல.”

“அந்த வரிய என்னால அடிக்க முடியாது தவுக்கே” என்றேன். “அழிச்சது தப்பு. அடிக்கறதும் தப்புதான். வேணும்னா வேலைய விட்டு நின்னுக்கிறேன்.”

தவுக்கே கணக்குப் பார்க்கும் ஆள். அவர் நடேசன் சார் கையிலிருந்த காகிதக் கட்டைச் சுட்டிக்காட்டி ஒரு கேள்வி கேட்டார்.

“பதினோரு தோட்டத்து ஜனம் ஒரே நாள்ல பட்டணத்துக்கு வருது. தீபாவளிக்கு ரெண்டு வாரம் முந்தி. துணி வாங்கும், சட்டி வாங்கும், கடையில மீ சாப்பிடும். இந்த வரிசைக் கடைக்காரன் எல்லாம் கும்பிடுவான். நீங்க ஏன் வேணாங்கறீங்க?”

நடேசன் சார் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பென்சிலில் எழுதியது, பள்ளிக்கூட நோட்டில் கிழித்தது, கட்டைவிரல் ரேகை வைத்தது. கடைசியில் எல்லாவற்றையும் தட்டி அடுக்கிச் சட்டைக்குள் மழை படாமல் வைத்துக்கொண்டார்.

“பேர வாங்கிட்டு வராதேன்னு சொல்ல எனக்கு மூஞ்சி இல்ல. கமிட்டியில நான் பேசிக்கிறேன். ஒரு சண்டை, ஒரே ஒரு சண்டை வந்துச்சுன்னா அந்த நிமிஷமே விழாவ நிறுத்திடுவேன். உங்க மண்டோர்கிட்ட சொல்லு.”

அன்று சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

“நீ செஞ்சது தப்புத்தான்” என்றாள். தண்ணீரை வடித்தாள். “எல்லாம் ஒழுங்கா அழிஞ்சிருச்சா, இல்ல எங்கயாவது எழுத்துத் தெரிஞ்சுச்சா?”

“ஒண்ணும் தெரியலம்மா.”

“சரி” என்றாள்.

தண்ணீர்

விழாவுக்கு முதல் நாள் காலையில் பிடித்த மழை மறுநாள் விடியும்போதுதான் விட்டது.

எட்டு மணிக்கு எங்கள் லோரி திடலுக்கு வந்தபோது அங்கே திடலே இல்லை. திடலை ஒட்டிய மலையடிவாரத்திலிருந்து சடக்கு வரைக்கும் ஒரே தண்ணீர், கணுக்கால் ஆழம். நட்டுவைத்த கம்பங்கள் குளத்தில் நிற்பதுபோல நின்றன. ஒரு கம்பத்தில் நடேசன் சார் கையெழுத்தில் தாள் ஒட்டியிருந்தது. விழா ரத்து.

ஒன்றன்பின் ஒன்றாக லோரிகள் வந்து நின்றன. பவுடர் பூசிய முகங்கள், பூ வைத்த தலைகள். யாரும் இறங்கவில்லை. பட்டணத்துக்காரர்கள் சிலர் திடலோரத்து மண்டபப் படியில் நின்று பார்த்தார்கள். நடேசன் சார் எங்கள் லோரிக்குப் பக்கத்தில் வந்தார். கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது.

“மன்னிக்கணும். நான் வேணும்னு செய்யல. பாக்கறீங்கள்ல” என்றார்.

மண்டோர் காளிமுத்து இறங்கினார். தண்ணீருக்குள் நடந்து திடலின் ஓரமாகவே போனார். ஒரு மூலையில் குனிந்து கையை விட்டுத் துழாவினார். திரும்பி வந்தார்.

“சார், தண்ணி போக வழி இருக்கு. ஓரத்து வாய்க்கால் புல்லு மண்டி, குப்பை அடைச்சுக் கெடக்கு. அந்த வாய்க்கால் எங்க போகுது, ஆத்துக்கா?”

“ஆத்துக்குத்தான். கடைசியில தண்ணிக் கதவு ஒண்ணு இருக்கு.”

“அப்ப கடல் வாங்கினா கதவு திறந்துக்கும். இன்னிக்கு எப்ப வாங்குது?”

ஜெராமிலிருந்து வந்திருந்த மீன்காரர் ஒருவர் படியிலிருந்தே, “பத்து மணிக்கு மேல” என்றார்.

“ரெண்டு மணி நேரம் இருக்கு. அதுக்குள்ள வாய்க்கால வெட்டிட்டா தண்ணி தானா போயிரும். எங்க காட்டுல தினம் இதுதான் சார் வேலை.”

தோட்டத்து லோரியில் மண்வெட்டிகள் எப்போதும் கிடக்கும். அம்மா ஏற்கெனவே ஒன்றை எடுத்துவிட்டாள். கொலுசைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

நடேசன் சார் தயங்கினார். திடல் நகராண்மைக்குச் சொந்தம். குழுத் தலைவர் ரத்து என்று கேட்டதும் வீட்டுக்குப் போய்விட்டார். நடேசன் சார் கம்பத்தையும் லோரிகளையும் மாறி மாறிப் பார்த்ததை நான் பார்த்தேன். பிறகு கம்பத்தருகே நடந்துபோய் அந்தத் தாளைக் கிழித்தார்.

“வெட்டுங்க. யாரு கேட்டாலும் நான் சொல்லிக்கிறேன்.”

பதினோரு லோரியிலிருந்தும் ஆட்கள் இறங்கினார்கள். தோட்டத்துக்கு ஒரு துண்டு என்று மண்டோர்கள் வாய்க்காலைப் பிரித்துக்கொண்டார்கள். பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகினார்கள். புல்லை வேரோடு அறுத்து மேலே போடுவதும், சேற்றை அள்ளிக் கரை கட்டுவதுமாக வேலை நடந்தது. போன வருஷம் கபடியில் அடித்துக்கொண்ட ஆட்களும் அங்கே இருந்தார்கள். எங்கள் தோட்டத்து ஆள் ஒருவனும் பட்டணத்து மெக்கானிக் ஒருவனும் ஒரே மரக்கட்டையை இரண்டு பக்கமும் பிடித்து வாய்க்காலிலிருந்து தூக்கினார்கள். முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் சேர்ந்து தூக்கினார்கள்.

நடேசன் சாரும் ஒரு மண்வெட்டியை எடுத்தார். இரண்டு வெட்டு வெட்டினார். மூன்றாவது வெட்டில் சேறு அவர் சட்டைமேலேயே வந்தது. அம்மா போய் மண்வெட்டியை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

“சார், நீங்க மைக்கப் பாருங்க. இத நாங்க பாத்துக்கறோம்.”

பத்தரை இருக்கும். வாய்க்காலில் கிடந்த ஒரு செம்பனை ஓலைத் துண்டு மெல்ல நகர்ந்தது. முதலில் அது காற்று என்று நினைத்தோம். பிறகு திரும்பாமல் ஆற்றுப் பக்கம் போனது. தண்ணீர் இழுக்கத் தொடங்கிவிட்டது. கரையில் நின்ற எல்லாரும் அதையே பார்த்தோம். பதினொன்றரைக்கு நடுத் திடலில் புல் தலை தெரிந்தது. பன்னிரண்டுக்குள் ஒரு தோட்டத்து லோரி இரண்டு நடை மணல் கொட்டியது.

மலைமேலிருந்து மந்திகள் இறங்கி வந்து வேலிமேல் வரிசையாக உட்கார்ந்துகொண்டன. விழா தொடங்கும் பூசைக்கு வைத்திருந்த வாழைப்பழச் சீப்பு ஒன்று காணாமல் போனதை அப்புறம்தான் கவனித்தோம்.

ஊணு, இழு

ஒரு மணிக்கு விழா ஆரம்பித்தது. தரை ஈரமாக இருந்ததால் கோலப் போட்டியை மண்டபத்துச் சிமெண்டு வராந்தாவுக்கு மாற்றினார்கள். சேறு காயாத கால்களோடு தோட்டத்துப் பெண்கள் உட்கார்ந்து மயில் போட்டார்கள், தாமரை போட்டார்கள். கபடியில் ஒரு புள்ளிக்குத் தகராறு வரப் பார்த்தது. மண்டோர் காளிமுத்து கோட்டோரம் போய் நின்றார், அவ்வளவுதான். அடங்கிவிட்டது.

பெண்கள் கயிறு இழுத்தல் கடைசி. ஒன்பதாங்கட்டை இரண்டு அணியை இழுத்துவிட்டு இறுதிக்கு வந்துவிட்டது. எதிரில் பட்டணத்து மகளிர் அணி. சில வருஷமாக அவர்கள்தான் கோப்பை வாங்குகிறார்கள். மஞ்சள் சட்டை, கான்வாஸ் சப்பாத்து, மாதக்கணக்கில் பயிற்சி. எங்களுடையவர்களுக்கு வெறுங்கால், இடுப்பில் செருகிய சேலை, காலையிலேயே வாய்க்கால் வெட்டிச் சோர்ந்த கை.

மூன்றில் இரண்டு இழுத்தால் வெற்றி. முதல் இழுப்பில் எங்கள் அணி சரசரவென்று இழுபட்டுக் கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. ஆளுக்கு ஒரு நேரத்தில் இழுத்தார்கள். பலம் ஒன்றுசேரவில்லை.

அம்மா கயிற்றைக் கீழே போட்டுவிட்டு என்னைத் தேடினாள்.

“கமலா, இங்க வா. நீ கூப்பிடு.”

“மண்டோரக் கூப்பிடச் சொல்லும்மா.”

மண்டோர் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். காலையிலிருந்து கத்திக் குரல் போய்விட்டது.

“நான் கயித்தப் பிடிச்சதே இல்லையேம்மா.”

“நீ புடிக்க வேணாம். வெளிய நின்னு பாரு. நாங்க குனிஞ்சிருப்போம், அவங்க கால் எங்களுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.”

திடலைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி உள்ளே போனேன். கடையில் நாள் முழுக்கத் தலையைக் குனிந்து அடிக்கிறவள் நான். என் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. முதல் “ஊணு” யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாவது கேட்டது. எட்டுப் பேரின் குதிகால்களும் ஒரே நேரத்தில் மண்ணில் இறங்கின. “இழு” என்றேன். கயிறு ஒரு சாண் எங்கள் பக்கம் வந்தது. ஊணு, இழு. இன்னொரு சாண். இரண்டாவது இழுப்பு எங்களுடையது.

மூன்றாவதில் கயிறு அசையவே இல்லை.

பட்டணத்து அணியும் குறைந்தவர்கள் இல்லை. பின்னால் சாய்ந்து, பல்லைக் கடித்து நின்றார்கள். கயிற்றின் நடுவில் கட்டிய சிவப்புத் துணி நடுக்கோட்டின்மேல் துடித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஆட்கள் “இழுக்கச் சொல்லு, இழுக்கச் சொல்லு” என்று கத்தினார்கள். நான் சொல்லவில்லை.

நான் அவர்களுடைய சப்பாத்துகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈர மண்ணில் கான்வாஸ் சப்பாத்து வழுக்கும். வெறுங்கால் விரல் ஊன்றிக்கொள்ளும். அம்மாவின் குதிகால் கணுவரை சேற்றுக்குள் இறங்கியிருந்தது. அது வெளியே வராது என்று எனக்குத் தெரிந்தது.

“ஊணு” என்றேன். கொஞ்சம் விட்டு மறுபடியும், “ஊணு.” அம்மாவின் கழுத்து நரம்பு புடைத்தது. மூன்றாவது தடவையும், “ஊணு.”

மஞ்சள் வரிசையில் மூன்றாவதாக நின்றவர் காலை மாற்றி வைத்தார்.

“இழு.”

எட்டுப் பேரும் ஒரே உடம்பாகப் பின்னால் போனார்கள். துணி கோட்டைத் தாண்டியது, நிற்கவில்லை, போய்க்கொண்டே இருந்தது. அம்மா மல்லாந்து சேற்றில் விழுந்தாள். அவள்மேல் அடுத்தவள், அவள்மேல் இன்னொருத்தி. சிரித்துக்கொண்டே எழுந்திருக்க முடியாமல் கிடந்தார்கள். மஞ்சள் சட்டைக்காரர்களின் தலைவி வந்து கைகொடுத்து அம்மாவைத் தூக்கினார்.

“அக்கா, உங்கள அசைக்கவே முடியலையே. நீங்க என்ன மரமா?” என்றார் மூச்சிரைக்க.

“காலைல எங்களோட வாய்க்கால் வெட்டியிருந்தா நீயும் அப்படித்தான் நின்னிருப்ப” என்றாள் அம்மா.

நடேசன் சார் மைக்கில், “ஒன்பதாங்கட்டைத் தோட்டத்து மகளிர்” என்று வாசித்தார். கைத்தட்டலில் பாதி கேட்கவில்லை. மறுபடி வாசித்தார். மூன்றாம் தடவை எட்டுப் பேரின் பெயரையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, ஒவ்வொருவரும் மேடையேறும்வரை காத்திருந்தார். அவர் சட்டையில் காலையில் தெறித்த சேறு அப்படியே இருந்தது.

சாயங்காலம் லோரி கடைத்தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தது. ஏறுவதற்கு அங்கே நடந்து போக வேண்டும். அம்மா கோப்பையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். பின்னால் ஏழு பேர், அதற்குப் பின்னால் லயத்து ஜனம் முழுக்க, முழங்கால்வரை சேறு. மழை மறுபடியும் தூற ஆரம்பித்தது. கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். எங்களில் ஒருத்தரும் கடையோரம் ஒதுங்கவில்லை. நடுச் சடக்கிலேயே நடந்தோம்.

முச்சந்தியில் நின்ற போலீஸ்காரர் எங்களைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார். கையை உயர்த்தினார். கிள்ளானிலிருந்து வந்த பஸ் கிறீச்சென்று நின்றது.

அம்மா அவசரப்படவில்லை. சேலைத் தலைப்பால் கோப்பைமேல் விழுந்த மழையைத் துடைத்துவிட்டு, அந்த பஸ்ஸுக்கு முன்னால் மெதுவாக நடந்து சடக்கைக் கடந்தாள்.